சூரியனோட இன்னைய நெலவரம்: மலையகத்துல இருந்து வாசிக்கப் பழகுறது எப்படி

எங்க லயத்துல அப்பாவோட பழைய சோர்ட்வேவ் ரேடியோ ஒன்னு இன்னும் இருக்கு. ஸ்கூல் படிக்கிற காலத்துல ஒரு நாள் பகல் 11 மணி மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கேன், திடீர்னு எல்லா ஸ்டேஷனும் ஒரே அடியா மங்கிப் போச்சு, வெறும் இரைச்சல்தான். ரேடியோ பழுதுன்னு நெனச்சு பின்மூடிய கழட்டி, ஏரியல் வயர சுரண்டி, பேட்டரிய மாத்தி அரை மணி நேரம் பாடுபட்டேன், அதுக்குள்ள ஸ்டேஷனெல்லாம் ஒன்னொன்னா தானாவே திரும்பி வந்துருச்சு. அது சூரியன்ல நடந்த ஒரு வெடிப்போட வேலையா இருக்கும்னு பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அன்னைக்கு யாராவது பக்கத்துல இருந்து எந்த நம்பர எந்த நேரத்துல பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். அதனாலதான் இத எழுதுறேன், ஏஎல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், ரேடியோ கேக்குறவங்களுக்கும், சும்மா சூரியன் மேல ஆசை இருக்கிறவங்களுக்கும்.

விண்வெளி வானிலைன்னா மழை வருமா பனி எறங்குமான்னு பாக்குறது இல்லைங்க. சூரியன்ல இருந்து வர்ற எக்ஸ்ரே, புற ஊதா கதிர், மின்னேறுன துகள், அதோட சேர்ந்து வர்ற காந்தப்புலம், இதெல்லாம் நம்ம தலைக்கு மேல சுமார் 60 கிலோமீட்டர்ல இருந்து 400 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கிற, காத்து மின்னேறிக் கெடக்கிற அயன மண்டலத்த என்ன பண்ணுதுன்னு பாக்குறதுதான். சோர்ட்வேவ் சத்தம் தூரத்து நாட்டுல இருந்து நம்ம காம்பராவுக்கு வர்றதே அந்த அடுக்குல பட்டு வளைஞ்சு எறங்கித்தான். ஒரு காலத்துல இலங்கை வானொலி தமிழ்ச் சேவை கடல் தாண்டி தமிழ்நாட்டு வீடுகள்ல ஒலிச்சதுக்கும் இந்த அடுக்குதான் கை குடுத்துச்சு.

இந்த வேலைக்கு ஒரு போன், ஒரு சிஆர் கொப்பி, முடிஞ்சா ஒரு சின்ன சோர்ட்வேவ் ரேடியோ, அவ்வளவுதான். காலைல பத்து நிமிஷம், ராத்திரி அஞ்சு நிமிஷம்.

மொதல் படி: நேரத்த சரி பண்ணுங்க

புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். உலகம் பூரா இந்த நம்பரெல்லாம் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல போடுவாங்க. நம்ம இலங்கை நேரம் அதவிட 5 மணி 30 நிமிஷம் முன்னுக்கு. அதாவது யூடிசி நாள் பொறக்குறது நம்மளுக்கு விடியக்காலை 5.30க்கு, அம்மாமாரு பெரட்டுக்குக் கெளம்ப ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கிற நேரம். பூமியோட காந்தக் கலக்கத்த காட்டுற கேபி நம்பர் மூனு மணி நேரத்துக்கு ஒன்னுன்னு ஒரு நாளைக்கு எட்டு வரும், அத நம்ம நேரத்துக்கு மாத்தினா காலை 5.30ல இருந்து 8.30, அப்புறம் 11.30, பகல் 2.30, அந்தி 5.30, ராத்திரி 8.30, 11.30, நடுராத்திரி தாண்டி 2.30, மறுபடி 5.30. இத கொப்பியோட மொத பக்கத்துல எழுதி ஒட்டிருங்க. "நேத்து 18 மணிக்கு கேபி 6"ன்னு பாத்தா அது நம்மளுக்கு நேத்து அந்தி இல்ல, நேத்து ராத்திரி 11.30க்கு ஆரம்பிச்சு இன்னைக்கு விடியக்காலை 2.30 வரைக்கும் ஓடுனது. இந்தக் கணக்கு கைக்கு வராம மத்தது எதுவும் பொருந்தாது.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் போல்டர்ல இருக்கிற நோவா விண்வெளி வானிலை மையம் மூனு நாள் முன்னறிவிப்ப யூடிசி 0.30க்கும் 12.30க்கும் போடும். நம்மளுக்கு சரியா காலை 6 மணி, பின்நேரம் 6 மணி. வேலைக்குப் போறவங்களுக்கும் ஸ்கூல் போறவங்களுக்கும் இதவிட வசதியான நேரம் கெடையாது, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே பாத்துரலாம். டேட்டாவும் கொஞ்சம்தான் போகும்.

ரெண்டாவது படி: எத மொதல்ல பாக்குறது

நான் பாக்குற வரிசை இது. மொதல்ல எக்ஸ்ரே கிராஃப். அமெரிக்காவோட கோஸ் செயற்கைக்கோள் அளக்குறது, அதுல வெடிப்புகள ஏ, பி, சி, எம், எக்ஸ்னு அஞ்சு வகையா பிரிச்சிருப்பாங்க, ஒன்னுக்கு மேல ஒன்னு பத்து மடங்கு. சி வந்தா கண்டுக்க வேணாம், சூரியன் உச்சத்துல இருக்கிற காலத்துல சி தெனமும் வரும். எம்1 தாண்டுனா ஆர்1, எம்5 தாண்டுனா ஆர்2, எக்ஸ்1 வந்தா ஆர்3ன்னு ரேடியோ மங்கல் அளவு போடுவாங்க, எக்ஸ்10க்கு ஆர்4, எக்ஸ்20க்கு ஆர்5. வெளிச்சம் சூரியன்ல இருந்து வர்றதுக்கு 8 நிமிஷம் 20 செக்கன் ஆகும், எக்ஸ்ரேயும் அதே வேகம்தான், அதனால வெடிப்புக்கு முன்னெச்சரிக்கைன்னு ஒன்னு கெடையாது, நம்ம பாக்குறப்பவே அது வந்து அடிச்சிருச்சு.

ஆனா கவனிங்க, அந்த அடி பகல் பக்கத்துக்கு மட்டும்தான். 2024 மே 14ம் தேதி எக்ஸ்8.7னு பெரிய வெடிப்பு ஒன்னு வந்துச்சு, யூடிசி 16.51க்கு உச்சம். நம்மளுக்கு அப்ப ராத்திரி 10.21, சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம், நம்ம ரேடியோவுக்கு ஒன்னுமே இல்ல. அதே வருஷம் அக்டோபர் 3ம் தேதி எக்ஸ்9.0, யூடிசி 12.18, நம்ம நேரம் பின்நேரம் 5.48, சூரியன் மலைக்குப் பின்னால எறங்குற நேரம், முழு அடி ஆப்பிரிக்கா பக்கம் விழுந்துச்சு. அதனால வெடிப்புன்னு செய்தி பாத்த உடனே கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பெருசு" இல்ல, "அப்ப நம்மளுக்கு மணி என்ன" அப்படிங்கிறதுதான்.

பகல்ல வந்தா என்ன நடக்கும்னா, அயன மண்டலத்தோட அடி அடுக்கு, 60ல இருந்து 90 கிலோமீட்டர்ல இருக்கிறது, திடீர்னு தடிச்சுப் போய் சோர்ட்வேவ உறிஞ்சிரும். கீழ் அலைவரிசைதான் மொதல்ல போகும், கடைசியாத்தான் திரும்பும், மேல் அலைவரிசை சீக்கிரம் வந்துரும். என் ரேடியோவுல ஸ்டேஷன் ஒன்னொன்னா வந்ததுக்குக் காரணம் இதுதான்னு இப்ப தெரியுது.

அடுத்தது சூரியக் காத்து, அதாவது சூரியன்ல இருந்து ஓயாம வீசுற மின்னேறுன துகள். பூமியில இருந்து சூரியன் பக்கமா 15 லட்சம் கிலோமீட்டர்ல எல்1னு ஒரு இடம், அங்க 1997ல அனுப்புன ஏஸ் மாதிரி செயற்கைக்கோள்கள் காவல் நிக்கிது. இந்தியாவோட ஆதித்யா-எல்1ம் 2023 செப்டம்பர் 2ம் தேதி ஸ்ரீஹரிகோட்டால இருந்து கெளம்பி 2024 ஜனவரி 6ம் தேதி அங்க போய்ச் சேந்துச்சு. அங்க அடிக்கிற காத்து நம்மகிட்ட வர்றதுக்கு வேகத்தப் பொறுத்து அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஆகும். அந்தக் கிராஃப்ல வேகத்தையும் பீஸெட்னு ஒரு கோட்டையும் பாருங்க, பீஸெட்ன்னா காத்தோட காந்தப்புலம் வடக்குப் பக்கமா தெக்குப் பக்கமான்னு காட்டுறது. வேகம் சாதாரணமா செக்கனுக்கு 300, 400 கிலோமீட்டர் இருக்கும், 600, 700க்குப் போனா என்னமோ வருது. பீஸெட் பூச்சியத்துக்கு மேல இருந்தா வேகம் எவ்வளவு இருந்தாலும் பெருசா பயம் இல்ல, கீழ போய் மைனஸ் 10, மைனஸ் 15னு மணிக்கணக்கா நின்னா காந்தப் புயல்தான். காந்தம் ரெண்ட எதிரெதிர் முனையில வச்சா ஒட்டிக்கும்ல, அந்த மாதிரி காத்தோட காந்தப்புலம் தெக்குப் பக்கமா திரும்புனா பூமியோட காந்தப்புலத்தோட சேந்து கதவு தொறந்துக்கும். புதுசுங்க கேபிய மட்டும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, கேபி நடந்து முடிஞ்சத சொல்றது, பீஸெட் நடக்கப் போறத சொல்றது, எனக்குக் கேட்டா பீஸெட் கோடுதான் இந்த மொத்தத்துலயும் முக்கியமானது.

அப்புறம் கேபி. பூச்சியத்துல இருந்து 9 வரைக்கும். 5 வந்தா ஜி1 புயல், 9 வந்தா ஜி5. ஜெர்மனியில பாட்ஸ்டாம்ல இருக்கிற ஜிஎஃப்ஸட் ஆய்வு நிலையம்தான் பல நாட்டுக் காந்த நிலையங்களோட கணக்க சேத்து இத வெளியிடுது.

கடைசியா சூரியப் புள்ளி எண்ணிக்கையும் சோலார் ஃப்ளக்ஸும். ஃப்ளக்ஸ்ன்னா சூரியன் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்துல விடுற ரேடியோ சத்தம், 1947ல இருந்து கனடாவுல அளக்குறாங்க, இப்ப பென்டிக்டன்ங்கிற இடத்துல. அதிகாரபூர்வ அளவு யூடிசி 20 மணிக்கு, நம்மளுக்கு ராத்திரி 1.30, அதனால விடியக்காலைல எழும்புறப்போ புது நம்பர் ரெடியா இருக்கும். 70 பக்கத்துல இருந்தா சூரியன் தூங்குது, 150 தாண்டுனா பகல்ல மேல் அலைவரிசையெல்லாம் தொறந்திருக்கும், 200 தாண்டுனா ரேடியோக்காரங்களுக்குத் திருவிழா. புள்ளி எண்ணிக்கைக்கு பெல்ஜியம் அரச வானாய்வு நிலையத்தத்தான் நம்பணும். சூரியப் புள்ளி கூடிக் கொறையுறதுல இப்ப ஓடுற 25வது சுழற்சி 2019 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2024 அக்டோபர்ல உச்சம் தொட்டுச்சு, ஒரு சுழற்சி சுமார் 11 வருஷம்ங்கிறதால இனி மெதுவா எறங்கும். எறங்குற காலத்துலயும் பெரிய வெடிப்பு வரும்ங்க, 2003 அக்டோபர் புயலெல்லாம் உச்சம் தாண்டி எறங்குறப்போ வந்ததுதான்.

மூனாவது படி: நம்ம வானத்துக்கு மாத்தி வாசிங்க

இதச் சொல்லத்தான் நான் எழுதவே ஒக்காந்தேன். நெட்ல கெடைக்கிற வழிகாட்டி எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்களுக்காக எழுதுனது, அவங்க துருவத்துக்குக் கிட்ட, கேபி ஏறுனா வானத்துல பச்சை வெளிச்சம் தேடி ஓடுவாங்க. நாம பூமியோட காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கோம். 1963ல இந்தியா கேரளாவுல தும்பாங்கிற மீன்பிடி ஊர ராக்கெட் விடத் தெரிஞ்செடுத்ததே அந்தக் கோட்டுக்கு ஒட்டுனாப்ல இருந்ததாலதான், நாம கடல் தாண்டி இந்தப் பக்கம். அதனால நம்ம வானத்தோட குணமே வேற.

என்ன வேறன்னா, நம்மளுக்கு சூரியன் ரொம்ப அமைதியா இருக்கிற நாள்ல கூட அந்திக்கு அப்புறம் கலக்கம் வரும். பகல் பூரா இங்க சூரியன் மின்னேத்துன அயன மண்டலக் காத்து மின்புலத்தால மேல தூக்கப்பட்டு, ஃபவுண்டன் மாதிரி ரெண்டு பக்கமும் வழிஞ்சு வடக்கயும் தெக்கயும் குவியும். சூரியன் எறங்குன உடனே அடுக்கு இன்னும் மேல ஏறி, அதோட அடியில இருந்து மெல்லிசான இடங்கள், குமிழி மாதிரி, மேல கெளம்பும். ராத்திரி 7 மணியில இருந்து நடுராத்திரி வரைக்கும் இது ஓடும், மார்ச்-ஏப்ரல்லயும் செப்டம்பர்-அக்டோபர்லயும் ரொம்பக் கூட. அந்தக் குமிழிக்குள்ள புகுந்து வர்ற ஜிபிஎஸ் சிக்னல் நட்சத்திரம் மின்னுற மாதிரி மின்னும். போன்ல மேப் பாக்குறவங்களுக்கு சில மீட்டர் வித்தியாசம்தான், தெரியாமலே போயிரும், ஆனா சென்டிமீட்டர் கணக்குல காணி அளக்குற சர்வே மெஷினுக்கு அது பெரிய வித்தியாசம், 7 பேர்ச்சஸ் காணிக்கு எல்லை போடுறப்போ சென்டிமீட்டரும் காணிதானே.

ரேடியோவுல கேட்டா அந்த நேரம் தூர ஸ்டேஷன் சத்தம் படபடன்னு துடிக்கும், தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி. கேபி 1ல இருக்கே ஏன் இப்படின்னு குழம்ப வேணாம், கேபி நம்ம ராத்திரிக்குப் பதில் சொல்ற நம்பர் இல்ல. பெரிய புயல் வந்தா இந்தக் குமிழி சில நாள் கூடும், சில நாள் அடியோட நின்னுரும், புயல் எத்தன மணிக்கு அடிச்சுதுங்கிறதப் பொறுத்து மாறும். அதனாலதான் நேரத்தோட எழுதி வைக்கச் சொல்றேன்.

2024 மே 10ம் தேதி வெள்ளிக்கிழமை புயல எடுத்துக்குங்க. 2003க்கு அப்புறம் வந்த மொத ஜி5. நம்மளுக்கு ராத்திரி பத்தரை மணி சொச்சத்துக்கு அடிக்க ஆரம்பிச்சுது. லடாக்ல ஹான்லே மலையில இருக்கிற கேமராவுல செவப்பு வெளிச்சம் பதிஞ்சுது. நம்ம பக்கத்துக்கு அந்த வெளிச்சம் வராது, பிதுருதலாகல உச்சியில ஏறி நின்னாலும் தெரியாது, அது உயரத்தோட சங்கதி இல்ல, துருவத்துல இருந்து எவ்வளவு தூரம்ங்கிற சங்கதி. 1989 மார்ச் 13ம் தேதி கனடாவுல கியூபெக் மாநிலம் பூரா 9 மணி நேரம் கரண்ட் இல்லாமப் போச்சு, அதுவும் துருவத்துக்குக் கிட்ட, நீளமான லைன் போற நாட்டுக் கதை. அதனால "இன்னைக்கு ராத்திரி சூரியப் புயல், போன ஆஃப் பண்ணி தூரமா வைங்க"ன்னு வாட்ஸ்அப்ல வந்தா தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க, போனுக்கோ ஒடம்புக்கோ தரையில இருக்கிற நம்மளுக்கு அதுல ஒன்னும் ஆகாது. வயசானவங்க உண்மையாவே பயப்படுறாங்க, பக்கத்து காம்பரா பாட்டி ஒரு தடவ ராத்திரி பூரா தூங்கல.

இன்னொன்னு, மார்ச் நடுப்பகுதியிலயும் செப்டம்பர் கடைசியிலயும் டிஷ் டீவி பகல்ல தெனமும் ஒரே நேரத்துக்கு சில நிமிஷம் நின்னு போகும். அது புயல் இல்ல, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால வந்து நிக்கிது, சில நாள்ல சரியாயிரும். டிஷ்ஷ திருப்பப் போய் கெடுத்துக்காதீங்க.

நாலாவது படி: காதால சோதிங்க

10 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது 10,000 கிலோஹெர்ட்ஸ்ல டிக் டிக்னு நேரம் சொல்ற ஸ்டேஷன் கேக்கும், சீனாவோட பிபிஎம் அங்கதான் இருக்கு. அதே மாதிரி 5,000லயும் 15,000லயும் தேடுங்க. காலை 6, பகல் 12, அந்தி 6, ராத்திரி 9, நாலு நேரம் கேட்டு, நல்லா கேக்குது, மங்கல், துடிக்கிது, இல்லன்னு ஒரு சொல்லு எழுதுங்க, போதும். பொதுவா பகல்ல மேல் அலைவரிசை, ராத்திரி கீழ் அலைவரிசை, இது பழகிருச்சுன்னா மாறுற நாள் தானாவே கண்ணுல படும். அமெச்சூர் அலைவரிசை எடுக்குற ரேடியோ இருந்தா 14.100 மெகாஹெர்ட்ஸ்ல உலகம் பூரா 18 பீக்கன், அதாவது தானா சிக்னல் விடுற ஸ்டேஷன், முறை போட்டு பத்துப் பத்து செக்கனா மோர்ஸ் அடிக்கும், அந்தப் பட்டியல்ல 4S7B (ஃபோர் எஸ் செவன் பி) அப்படின்னு இலங்கைக்கும் ஒரு இடம் இருக்கு.

லயத்துல எல்ஈடி பல்பும் சார்ஜரும் போடுற இரைச்சல் பெரிய தொல்லை, கரண்ட் போன நேரம்தான் சோர்ட்வேவ் கேக்க சுகம். பத்து மீட்டர் வயர கொய்யா மரத்துக்கு இழுத்துக் கட்டுனா வித்தியாசம் தெரியும். ஆனா இத மனசுல வைங்க: குமிழி கூடுற அதே ஏப்ரல், அக்டோபர்தான் நம்ம மலையில பின்நேர இடி மின்னலும் கூடுற மாசம். வானம் கறுக்க ஆரம்பிச்ச உடனே வயர கழட்டி வெளிய போட்டுருங்க, ஒரு ஸ்டேஷனுக்காக உசுரோட வெளாட வேணாம். கரண்ட் லைனுக்குக் கிட்ட வயர் கட்டவே கூடாது.

2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து மண்சரிவுல ரோடும் கரண்டும் போனும் அறுந்து கெடந்தப்போ, சொந்தக்காரங்க உசுரோட இருக்காங்களான்னு தெரியாம எத்தன வீடு தவிச்சுச்சு. அதுக்கு அப்புறம் எனக்கு இது பொழுதுபோக்கு மாதிரி தெரியல. தோட்டத்துக்கு ரெண்டு பேராவது ரேடியோ தெரிஞ்சவங்க இருக்கணும், எந்த நேரத்துல எந்த அலைவரிசை போகும்னு அறிஞ்சவங்களா இருக்கணும். கேக்குறதோட நிக்காம பேசவும் ஆசைன்னா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோட அமெச்சூர் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுக்கணும், அது இல்லாம பேசக் கூடாது.

அஞ்சாவது படி: புள்ளிய கண்ணால பாக்குறது

நேரா பாக்கவே பாக்காதீங்க. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்புக் கண்ணாடி, வெல்டிங் கண்ணாடின்னு கையில கெடைச்சத வச்சும் பாக்காதீங்க. நம்ம ஊர்ல இன்னொரு ஆபத்து இருக்கு, காலைல பனி மூட்டத்துக்குள்ள சூரியன் வெள்ளித் தட்டு மாதிரி மெல்லிசா தெரியும், பாத்தா என்னன்னு தோணும், ஒரு செக்கன்ல மூட்டம் வெலகிரும். பைனாகுலர் இருந்தா ஒரு பக்கத்த மூடி, மத்தத சூரியன் பக்கம் திருப்பி, பின்னால ஒரு அடி தள்ளி வெள்ளைக் காகிதத்துல வட்டத்த விழ வைங்க, காகிதத்த மட்டும் பாருங்க, சின்னப் பிள்ளைகள பைனாகுலர் கிட்ட விடாதீங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சா உள்ள சூடேறிரும். பெரிய புள்ளி இருந்தா பென்சிலால வட்டத்துல குறிச்சு தேதி போடுங்க. மழை மாசத்துல நாசாவோட எஸ்டிஓ செயற்கைக்கோள் எடுக்குற படத்த போன்ல பாத்து வரைஞ்சாலும் சரிதான்.

தெனமும் வரைஞ்சா புள்ளி ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு ரெண்டு கெழமைக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ நாள் எடுத்து நகர்றது தெரியும், சூரியன் நம்ம பார்வைக்கு சுமார் 27 நாளுக்கு ஒரு தடவ சுத்துது. கொப்பியோட உண்மையான பலன் இங்கதான். சூரியனோட வெளி அடுக்கான கொரோனாவுல, கொரோனா ஓட்டைன்னு சொல்ற இடத்துல இருந்து வேகமான காத்து வரும், அந்த ஓட்டை பல மாசம் அப்படியே இருக்கலாம். அதனால ஒரு நாள் வெடிப்பு எதுவும் இல்லாம வேகம் 600 தாண்டி கேபி 5 வந்துச்சுன்னா, கொப்பியில அந்தத் தேதியில இருந்து 27 நாள் எண்ணி அந்த எடத்துல ஒரு வட்டம் போடுங்க. அந்த நாள் வந்ததும் காலை 6 மணிக்கு மொதல்ல காத்துக் கிராஃப தொறங்க, ஒரு நாள் முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்ல, வேகக் கோடு மறுபடி ஏறுதான்னு பாத்து பக்கத்துல எழுதிட்டு, அதுல இருந்து அடுத்த 27 எண்ணுங்க.